லட்சத்தில் மூன்று

பெண்டில் ஹில் ஸ்டேஷனுக்கு எதிரே
எங்கள் பார்மசியின் குளிர்ப்பெட்டியில்
பத்துப் பேருக்கான குப்பி ஒன்று
மூன்று நாளாய்த் திறக்கப்படாமல்.
பதிந்தவர்கள் ஒவ்வொருவராய் அழைத்துச் சொல்கிறார்கள்:
மழை. தலையிடி. மச்சான் பொறுக்கச் சொன்னார்.
பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

குகதாசன் மட்டும் தினமும் வருவார்.
ஒரு பெட்டி பனடோல் வாங்குவார்.
வீட்டில் அது மலையாய்க் குவிந்திருக்க வேண்டும்.
முகக்கவசம் மூக்குக்குக் கீழே,
கால்கள் மட்டும் ஒன்றரை மீட்டர் ஸ்டிக்கரில் பிசகாமல்.
"இரத்தம் கட்டுமாமே பிள்ளை, உண்மையோ?"

உண்மைதான் அண்ணை. லட்சத்தில் ரெண்டு, மூண்டு பேருக்கு.

"அப்ப அந்த மூண்டு பேரும் ஆர்?"

நான் படித்த நான்கு வருடத்தில்
இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமும் இல்லை.
லட்சத்துக்கு முகம் கிடையாது.
மூன்றுக்கு உண்டு.
அவர் கைபேசியில் வந்து விழும் குரல்கள் எல்லாம்
அந்த மூவரைப் பற்றியே.
மிச்சத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேர்
'கை கொஞ்சம் நொந்தது' என்று
யாருக்குக் குரல் அனுப்புவார்கள்?

வியாழக்கிழமைகளில் பக்கத்துக் கடையில்
பவர்போல் சீட்டு எடுப்பார்.
பதின்மூன்று கோடியில் ஒருவன் தானே என்று நம்புகிறவர்
இந்த மூவரிலும் ஒருவன் தானே என்று நம்புகிறார்.
சொல்லிச் சிரிக்கலாம்.
நான் சிரிக்கவில்லை.

ஏனெனில் ஏப்ரலில்
எனக்கு ஊசி போட்ட இரவிலிருந்து பதினான்கு இரவுகள்
அவன் நித்திரையான பின்
குளியலறை விளக்கைப் போட்டு
இரண்டு கெண்டைக்கால்களையும்
தையல் அளவுநாடாவால் அளந்தேன்.
முப்பத்துநாலு. முப்பத்துநாலு.
ஒருநாள் முப்பத்துநாலரை.
அந்த அரைக்காக விடியும்வரை குந்தியிருந்தேன்.
காலையில் கடைக்கு வந்து
'நல்ல பாதுகாப்பானது' என்று ஆறு பேருக்குச் சொன்னேன்.
பொய்யில்லை. இரண்டும் உண்மை.

ஓகஸ்டில்
பதினொரு மணி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.
இரவு ஒன்பதுக்குப் பிறகு ஹெலிகொப்டர்
எங்கள் பக்கத்துக் கூரைகளை எண்ணிக்கொண்டு போனது;
கடற்கரைப் பக்கத்தாரின் கூரைகளை
எண்ணத் தேவையில்லை என்றிருந்தார்கள்.
குகதாசனின் கோழித் தொழிற்சாலையில்
வரிசையில் அவருக்கு இடப்பக்கம் நின்ற செமி
வெஸ்ட்மீடில் குழாயோடு கிடந்தான்.
இப்போது வருவார் என்று நினைத்தேன்.
வந்தார், பனடோல் வாங்கினார், போனார்.

பிறகொரு வெள்ளி, கையில் ஒரு தாளோடு.
"போடாட்டித் திங்கள் வேலைக்கு வரவேண்டாமாம்."
சட்டைக்கையை மடித்த விதத்திலேயே
கோபம் தெரிந்தது.
என் விளக்கங்கள் அல்ல,
தமிழில் அச்சடித்த துண்டுப்பிரசுரமும் அல்ல;
வீட்டுக்கடன்தான் அந்தத் தோளை
என்னிடம் அனுப்பியிருந்தது.

குப்பியைத் திறந்தேன்.
ஊசிக்கு இரண்டு நொடி.
பிறகு நீலக்கதிரை, பதினைந்து நிமிடம்.
முட்டை அவிக்கும் மணிக்கூட்டை முறுக்கி வைத்தேன்.
ஷாம்புப் போத்தல்களைப் பார்த்தபடி இருந்தவர்
ஏழாம் நிமிடத்தில் கேட்டார், வழக்கத்தைவிட மெல்ல:
"நீர் போட்டனீர்தானே. பயமா இருக்கேல்லையோ?"

கடையில் வேறு யாரும் இல்லை.
கைப்பையைத் திறந்தேன்.
ஏப்ரலிலிருந்து அங்கேயே கிடந்த நாடாவை
அவர் மடியில் வைத்தேன்.
கெண்டைக்கால், அண்ணை. இரவில அளவுங்கோ.
கூடினமாதிரித் தெரிஞ்சா எனக்கு எடுங்கோ,
எந்த நேரமெண்டாலும்.

நெடுநேரம் அதைப் பார்த்தார்.
சுருட்டி, லாட்டரிச் சீட்டு இருந்த பையிலேயே
வைத்துக்கொண்டார்.
மணி அடித்தது.
"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டே?"

இருங்கோ என்றேன்.
திறந்த குப்பிக்கு ஆறு மணித்தியாலம்.
உள்ளே இன்னும் ஒன்பது பேர்.
தொலைபேசியை எடுத்து
தலையிடிக்காரரிலிருந்து
ஆரம்பித்தேன்.